வாட்டாத எலும்பு கேட்ட டாக்டரம்மா

கறிக்கடைக்கு வந்து கறி வாங்காமல் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவன், தொடையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறவன், ஈரல் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்று சொன்னதும் கிளம்புகிறவன், எல்லோரையும் வைதிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கத்தியோடு நான் நிற்கும்போது யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்த டாக்டரம்மா பேசினார். ஒரு தடவை இல்லை, வாராவாரம் பேசினார்.

இத்தனைக்கும் அவர் முட்டைகூடத் தொடாத சைவம்.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற ரோட்டில் என் கடை. ஒட்டினாற்போல அண்ணாச்சியின் மளிகைக்கடை. அதற்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குத்தான் அவர் வாடகைக்கு வந்தார். டவுனில் ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். முப்பது வயது இருக்கும், ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையோடு இருப்பார். வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் அண்ணாச்சி கடையில் இருந்த ஒரு ரூபாய் போனில்தான் பேசுவார், அதுவும் சத்தமாக. செல்போன் எல்லார் கையிலும் வராத காலம் அது. அவர் பேர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாலும் கிளம்பி வந்து, எழுதியதில் எது தப்பு என்று சொல்லுவார்.

முதல் நாள் வரிசையில் நின்று முன்னால் வந்து சொன்னார், “கால் எலும்பு வேணும். முட்டிக்குக் கீழ. உடைக்காம முழுசா.”

“சூப்புக்கா?”

“இல்ல.”

“நாய் வளக்கீகளோ?”

“இல்ல. எனக்குத்தான்.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கென்ன வந்தது, ஆட்டுக்கால் கொடுத்தேன். எங்கள் ஊரில் ஆட்டுக்காலைப் பச்சையாகக் கொடுப்பது மரியாதை இல்லை. மயிர் போக நெருப்பில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தேய்த்து, மறுபடி ஒரு சூடு காட்டித்தான் கொடுப்போம். ஊருக்குப் புதுசு, டாக்டர் வேறு என்று நான் வழக்கத்தைவிடக் கூடவே வாட்டினேன். கறுகறுவென்று விறகுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அதே கால்களைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். கூட்டம் இருக்கிறதே என்று பார்க்கவில்லை. கறி வெட்டுகிற கட்டைமேல் கொட்டினார்.

“உங்க ஆட்டுக்கு எலும்பு அடைச்சிருக்கு.”

என் ஆட்டைப் பற்றி ஒருவர் பேசி, நான் கேட்டுக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

“என்ன சொல்றீக? மல்லாங்கிணறு மானாவாரிக் காட்டுல மேஞ்ச ஆடு. அதுக்கு எலும்பு அடைச்சிருக்கா?”

“ஆமா. ஒரு வாரமா ஊசியில தண்ணி தள்ளிப் பாக்குறேன். ஒரு சொட்டு போகல. நெருப்பில காட்டினீங்களா?”

“வாட்டாம எவன் கால் விப்பான்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். எலும்புக்குள்ளே கொழுப்பு இருக்கிறதாம். சூட்டில் அது உருகி, ஆறியதும் உறைந்து, உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ஓட்டையையெல்லாம் மெழுகு ஊற்றின மாதிரி அடைத்துவிட்டதாம். ஒரு வாரமாக ஏன் போகவில்லை, ஏன் போகவில்லை என்று தூங்காமல் யோசித்தாராம்.

“எலும்புல எங்கன ஓட்ட இருக்கு? எலும்பு கல்லு மாதிரில்ல,” என்றேன்.

“வாட்டாத குட்டி எலும்பு ஒண்ணு குடுங்க. பின்னங்கால் நல்லி.”

கொடுத்தேன். கோபத்தில்தான் கொடுத்தேன். துணிப்பையிலிருந்து ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தார். அதற்குள் கனமான ஊசிகள், மருந்து ஏற்றுகிற சிரிஞ்சு, ஒரு சின்னப் பாட்டிலில் சிவப்புத் தண்ணீர். எலும்பை என் கட்டையிலேயே படுக்க வைத்து, முட்டிக்குக் கொஞ்சம் கீழே தட்டையாக இருக்கிற இடத்தில் ஊசியை வைத்துத் திருகினார். தச்சன் துளை போடுகிற மாதிரி. ‘கெட்டியா இருக்கும், கெட்டியா இருக்கும், பொசுக்குனு விட்டுக்கொடுக்கும், அங்க நிறுத்திடணும்’ என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். கையை விட்டதும் ஊசி தானாக நின்றது. சிரிஞ்சை மாட்டி மெதுவாக அமுக்கினார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கறி கேட்டு வந்தவர்களும் பார்த்தார்கள். ஊசி குத்திய இடத்தில் ஒன்றும் இல்லை. நாலு விரல் தள்ளி, எலும்பின் பக்கவாட்டில் கடுகு அளவு ஒரு ஓட்டை. அதிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆட்டெலும்பு வெட்டுகிறேன். அந்த ஓட்டையை நான் பார்த்ததே இல்லை.

பிறகு அதே எலும்பை அவர் சொன்னபடி முட்டிப் பக்கம் நெடுக்காக வெட்டிக் காட்டினேன். உள்ளே பன் ரொட்டியைப் பிய்த்தால் தெரிகிற மாதிரி அத்தனை ஓட்டைகள், அத்தனை சின்னச் சுவர்கள். சிவப்பு எல்லா அறைக்குள்ளேயும் போயிருந்தது. “பாத்தீங்களா, ஒரு அறையிலேருந்து அடுத்த அறை, அங்கேருந்து அடுத்தது, கடைசில வாசல்,” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அந்த எலும்பை அவரே செய்தார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

“டாக்டரம்மா, கறி வெட்டணும். எடத்தக் காலி பண்ணுங்க,” என்றேன்.

அவருக்கு இருந்தது இந்த ஒரு புத்திதான். ஓட்டை உள்ள ஒரு பொருளைப் பார்த்துவிட்டால், அதற்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் விடமாட்டார். எதிர்த்த டீக்கடையில் ரஸ்க்கை டீயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தின்ன மாட்டார். டீ மேலே ஏறுவதைப் பார்ப்பார். ரஸ்க் ஒடிந்து உள்ளே விழும்வரை பார்த்துவிட்டு, இன்னொரு ரஸ்க் கேட்பார். கடைக்காரர் ஒரு நாள், “டீ ஆறிப் போச்சும்மா,” என்றதற்கு, “ஆறினா எவ்வளவு மெதுவா ஏறுதுன்னு பாக்கணும்,” என்றார். புரோட்டாக் கடைக்கு ஒரு தரம் போயிருக்கிறார். சால்னா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்காரர் தட்டில் புரோட்டாவுக்குள் சால்னா இறங்குவதைக் குனிந்து பார்த்திருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டான்.

அண்ணாச்சிக்கு வேறு கவலை. ஒரு நாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏலே, மேல குடியிருக்குற டாக்டரம்மா வாராவாரம் கேசரிப் பவுடர் வாங்குது,” என்றார்.

“வாங்கட்டுமே. கேசரி கிண்டித் தின்னுட்டுப் போகுது.”

“ரவை வாங்கல.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“சீனி வாங்கல, முந்திரி வாங்கல. வெறும் கேசரிப் பவுடரு. வீட்டுக்குப் பெருக்கப் போற பொம்பள சொல்லுது, தட்டுல எலும்பு, எலும்புல ஊசி, ஊசியச் சுத்திச் செகப்புத் தண்ணி. கதவச் சாத்திட்டு என்னமோ முணுமுணுக்குதாம்.”

“என்னன்னு முணுமுணுக்குது?”

“‘போ, போ, வழி இருக்கு, போ’ன்னு சொல்லுதாம். யாரப் போகச் சொல்லுது? நான் வேற கீழதான கடை வச்சிருக்கேன்.”

அண்ணாச்சி அன்றைக்கே எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோத்து மேல்வீட்டு வாசலில் கட்டிவிட்டார். சாயங்காலம் டாக்டரம்மா அதை அவிழ்த்துவிட்டுக் கீழே வந்து, “பழம் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி, ஜூஸ் போட்டுக் குடிச்சேன். மிளகா எனக்குச் சேராது,” என்று மிளகாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அண்ணாச்சி அந்த மிளகாயை விற்கவும் இல்லை, தூரப் போடவும் இல்லை. ஒரு வாரம் தராசுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

எனக்கு வந்த வம்பு அதைவிடப் பெரிது. குட்டியின் பின்னங்கால் நல்லிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கிடா எலும்பு வேண்டாமாம், உள்ளே வெள்ளைக் கொழுப்பாக இருக்குமாம். குட்டி எலும்புதான் சிவப்பாக, வழியோடு இருக்குமாம். நல்லிக்கு ஊரில் இருக்கிற அடிதடி அவருக்கு என்ன தெரியும்? கறியில் ஒரு துண்டு குறைந்தால்கூடப் பேசாமல் போவான், நல்லி இல்லை என்றால் வீட்டில் போய்ப் பெண்டாட்டியை அனுப்புவான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் தானே நேரில் வந்தார். மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு நல்லி வேண்டும். அப்போதுதான் டாக்டரம்மா கடைசி நல்லியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தாம்மா, மாப்பிள்ளைக்கு நல்லி வேணும். நீ சைவம்னு சொல்றாக. ஒனக்கு எதுக்கு?”

“மாப்பிள்ளை எலும்பை என்ன செய்வாரு?”

“என்ன செய்வாரு, உறிஞ்சுவாரு.”

“உறிஞ்சத்தானே? ரஸ்க் வாங்கிக் குடுங்க. அதுலயும் ஓட்டை இருக்கு.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன். அவர் போன பிறகு நான் டாக்டரம்மாவை வைத வசவுக்குக் கணக்கில்லை. சீசனில் எனக்கு மொத்தமாகக் கறி ஆர்டர் கொடுக்கிற மனுஷன் அவர். டாக்டரம்மா நான் முடிக்கிறவரை நின்று கேட்டுவிட்டு, “நீங்க எப்பவும் சண்டை போடுறீங்க. எலும்புகூடச் சண்டை போட்டா வழி விடாது. மெதுவாத் தள்ளணும்,” என்று சொல்லிவிட்டு, நல்லியோடு படியேறிப் போனார்.

எதற்கு இவ்வளவும் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரிதான் கேட்டாள். அவள் வீட்டில் இருந்தபடியே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். பிள்ளைக்குச் சளி என்று டாக்டரம்மாவிடம் காட்டப் போனபோது நேராகவே கேட்டிருக்கிறாள். அவரும் நேராகச் சொல்லியிருக்கிறார். முன்பு வேலை பார்த்த ஊரில் வாந்திபேதியில் ஒரு குழந்தை வந்ததாம். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டால் கை நரம்பு, கால் நரம்பு எல்லாம் சுருங்கி ஒட்டிக்கொள்ளுமாம். குளுக்கோஸ் ஏற்ற நரம்பைத் தேடித் தேடிக் குத்தினாராம். கிடைக்கவில்லையாம். கடைசியில் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டதாம்.

“எலும்புக்குள்ள இருக்குற வழி மட்டும் சுருங்காதாம். சுத்திலும் எலும்பே சுவரா நிக்கிதுல்ல, அதனாலயாம். அதுல தண்ணி விட்டா நெஞ்சுக்குப் போயிரும்னு புஸ்தகத்துல போட்டிருக்காம். அதத்தான் ஆட்டெலும்புல பழகுதாம்,” என்றாள் வீட்டுக்காரி. “நீங்க அந்தப் பொம்பளய வையாதீக.”

“நான் எங்க வைதேன்?”

“தெரு முழுக்கக் கேக்குது.”

தீபாவளி முடிந்து மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை பெய்தாலும் வம்பு, பெய்யாவிட்டாலும் வம்பு. பெய்யாவிட்டால் லாரித் தண்ணி, பெய்தால் குழாயில் சாக்கடைத் தண்ணி. ஒரு சனிக்கிழமை என் மகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரே பிள்ளை. இரண்டு வயது நிறையவில்லை. ஞாயிறு காலையில் கொஞ்சம் தேவலை மாதிரி இருந்தது, நான் கடைக்கு வந்துவிட்டேன். நடுக்கூட்டத்தில் அண்ணாச்சி ஓடி வந்தார். “ஏலே, ஒம்பொண்டாட்டி போன் பண்ணுச்சு. நம்ம டாக்டரம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. பிள்ளைக்கு முடியலயாம்.”

அண்ணாச்சியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டிருந்த உடுப்போடு போனேன். பனியன், கைலி எல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வரிசையில் இருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். வாசலில் இருந்த வாட்ச்மேன் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “இது பிள்ளைக ஆஸ்பத்திரி, வெட்டுக்குத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க,” என்றான். அவனை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

பிள்ளை மேஜைமேல் கிடந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது. நர்ஸம்மா ஒருவர் கையில் தேடிக் குத்துகிறார், பாதத்தில் தேடிக் குத்துகிறார், நெற்றிப்பொட்டில் தேடுகிறார். என் பிள்ளை அழவில்லை. எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிற பிள்ளை, என்னை மாதிரி. ஊசி குத்தக் குத்தப் பேசாமல் கிடந்தாள்.

டாக்டரம்மா துணிப்பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தார்.

அந்த பாக்ஸ் எனக்குத் தெரியும். எடுத்தது பிரிக்காத உறையில் இருந்த புது ஊசிதான், ஆனால் அந்த வகையும் எனக்குத் தெரியும். மருந்தைத் தொட்டு அவர் துடைத்த இடமும் தெரியும். முட்டிக்குக் கொஞ்சம் கீழே, தட்டையான இடம்.

“என்ன செய்யப் போறீக? எம்பிள்ளய ஆடுன்னு நெனச்சீகளா?” கத்தினேன். வெளியே இருந்த பிள்ளைகளெல்லாம் அழ ஆரம்பித்துவிட்டன.

டாக்டரம்மா நிமிரவில்லை. “கத்தாதீங்க. காலைப் பிடிங்க. உங்களுக்குத்தான் அசையாமப் பிடிக்கத் தெரியும்.”

நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். “பிடிங்க,” என்றாள். “சண்டைய பெறகு போடுவோம்.”

பிடித்தேன். எத்தனையோ கால்களைப் பிடித்த கை. ஒரு முருங்கைக்காய் தடிமன்கூட இல்லாத கால் அது. அவர் ஊசியை வைத்துத் திருகினார். உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கெட்டியா இருக்கும், கெட்டியா இருக்கும். பிறகு பொசுக்கென்று அது விட்டுக்கொடுத்தது என் உள்ளங்கைக்கே தெரிந்தது. ஊசி தானாக நின்றது. சிரிஞ்சை மாட்டித் தள்ளினார்.

போகவில்லை.

அவர் முகத்தில் வேர்வை. எனக்கு வாட்டின எலும்புதான் ஞாபகம் வந்தது. மறுபடியும் தள்ளினார், மெதுவாக. இன்னும் மெதுவாக. “போ, வழி இருக்கு, போ,” என்றார். இந்தத் தரம் வாய்விட்டே சொன்னார். சிரிஞ்சுக்குள் இருந்தது நகர்ந்தது. ஒரு கோடு, இன்னொரு கோடு. குத்திய இடத்தைச் சுற்றி வீக்கம் இல்லை. உள்ளேதான் போகிறது.

பாட்டிலை மாட்டினார்கள். சொட்டு விழவில்லை. எலும்புக்குள் தானாக இறங்காதாம், அமுக்க வேண்டுமாம். பிளாஸ்டிக் பாட்டில். “நீங்க அமுக்குங்க,” என்று என் கையில் கொடுத்தார். நான் இருந்த வேகத்தில் பிடித்து நசுக்கினேன்.

“தள்ளணும். சண்டை போடக் கூடாது.”

மெதுவாக அமுக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை. ரத்தக் கைலியோடு, பாட்டிலை மாட்டுக்காம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த பன் ரொட்டி அறைகளுக்குள் தண்ணீர் ஒவ்வொன்றாக ஏறிப் போவதை மனதுக்குள் பார்த்தேன். ஒரு அறை, அடுத்த அறை, வாசல். கை மரத்தது. மாற்றிப் பிடிக்க வாட்ச்மேன் வந்தான். நான் தள்ளிவிட்ட அதே ஆள். கொடுக்கவில்லை.

முதலில் பிள்ளையின் உதடு அசைந்தது. பிறகு முகத்தைச் சுளித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், காலில் நிற்கிற ஊசியைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அந்த அழுகை நாரணாபுரத்துக்கே கேட்டிருக்கும். நர்ஸம்மா கையைப் பிடித்துப் பார்த்து, “மேடம், நரம்பு எழும்பிருச்சு,” என்றார். கையில் ஊசி ஏற்றி, காலில் இருந்ததை எடுத்தார்கள். ஒரு பொட்டுப் பஞ்சு, ஒரு துண்டு பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கேள்வி வந்தது.

“டாக்டரம்மா, இதுக்கு முன்னால இப்பிடி எத்தனை பேருக்குப் போட்டிருக்கீக?”

“நிறைய.”

“எந்த ஊர்ல?”

“உங்க கடை ஆடுதான்.”

“பிள்ளைகளுக்கு?”

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். “இதுதான்,” என்றார்.

நான் வைய வாயைத் திறந்தேன். நல்ல நல்ல வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை எடுத்தார். டம்ளர் பல்லில் இடித்துக் கடகடவென்று சத்தம் கேட்டது. பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது. என் வீட்டுக்காரி போய் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வசவுகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன, வாட்டின கொழுப்பு மாதிரி.

அடுத்த ஞாயிறு துணிப்பையோடு வரிசையில் நின்றார்.

“இன்னும் எதுக்கு எலும்பு? அதான் போகுதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல,” என்றேன்.

“முதல்ல தள்ளும்போது போகல. ஏன்னு தெரியணும்.”

குட்டியின் பின்னங்காலை எடுத்து, நல்லியைக் கழற்றி, ஒரு கீறல் விழாமல் இலையில் வைத்துக் கொடுத்தேன். “வாட்டலையே?” என்று மோந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் பட்டாசுக் கம்பெனி முதலாளி நின்றிருந்தார். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை இன்னும் ஊருக்குப் போகவில்லை.

“என்னப்பா, எம்மருமகனுக்கு நல்லி எங்க?”

“ரஸ்க் வாங்கிக் குடுங்க,” என்றேன்.